எத்தனை கருக்களை வைப்பது? – செயற்கைக் கருத்தரிப்பும் கத்தோலிக்க மனச்சான்றும்



திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் மடியில் குழந்தை தவழாத தம்பதியர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி வேண்டிக்கொண்ட கையோடு, நகரத்தில் உள்ள கருத்தரிப்பு மையத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்களும் உண்டு. அங்கே சிகிச்சையின் நடுவில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: “உருவான கருக்களில் எத்தனையைக் கருப்பையில் வைக்கலாம்? மீதியை என்ன செய்யலாம்?” பல ஆண்டு ஏக்கமும், கடன் வாங்கிக் கட்டிய பணமும், உறவினர்களின் பேச்சும் ஒன்றுசேர்ந்து அழுத்தும் நேரம் அது. “டாக்டர் சொல்றபடி செய்துடுங்க” என்று வீட்டார் சொல்ல, படிவத்தில் கையெழுத்து விழுகிறது. “ஃபாதர், நாங்க செய்தது சரிதானா?” என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்தக் கேள்வி கையெழுத்துக்கு முன்னதாகவே வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவம், நம் நாட்டுச் சட்டம், திருச்சபையின் போதனை ஆகிய மூன்றும் இதுபற்றிச் சொல்வதை இங்கே காண்போம்.

1. இக்கேள்வி எழுவது எப்படி?

ஒரு பெண்ணின் உடலில் மாதத்துக்குப் பெரும்பாலும் ஒரு சினைமுட்டைதான் முதிர்கிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையும் அப்படி இயல்பாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து உருவானதுதான். எனவே ‘எத்தனை’ என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

பிற்பாடு முறை மாறியது. இன்று ஐ.வி.எஃப் சிகிச்சையில் ஏறக்குறைய பத்து நாள்களுக்கு ஊசி மருந்து கொடுத்து, ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிரச் செய்கிறார்கள். அவற்றை வெளியே எடுத்து ஆய்வகத்தில் விந்தணுவோடு இணைக்கிறார்கள். எல்லா முட்டைகளும் கருவாவதில்லை. ஆயினும் பல நேரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உருவாகின்றன. மூன்றாம் நாளில் ஒரு கரு ஏறக்குறைய எட்டு செல்களோடு இருக்கும். மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ அதை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பையில் வைக்கிறார்கள்.

வைக்கப்படும் ஒவ்வொரு கருவும் கருப்பையில் ஒட்டி வளரும் என்பதற்கு உறுதியில்லை. அதனால், கூடுதலாக வைத்தால் ஒன்றாவது தங்கும் என்ற கணக்கில் மூன்று, நான்கு என்று வைக்கும் வழக்கம் தொடக்க காலத்தில் பரவியது. அந்தக் கணக்கின் விளைவுதான் இரட்டையர், மூவர், நால்வர் பிறப்புகளின் பெருக்கம்.

2. மருத்துவம் சொல்வது

“ஒரே செலவில் இரண்டு குழந்தை கிடைத்தால் நல்லதுதானே?” என்று நம் மக்களில் சிலர் எண்ணுகிறார்கள். இரட்டையர் பிறப்பு ஒரு மகிழ்ச்சிதான். ஆனால் அதில் உள்ள ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஒற்றைக் குழந்தை ஏறக்குறைய 39 வாரம் கருப்பையில் இருக்கிறது. இரட்டையர் சராசரியாக 35 வாரத்திலும், மூவர் 32 வாரத்திலும் பிறந்துவிடுகிறார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளையில் இரத்தக் கசிவு, பார்வைக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகம். தாய்க்கும் இரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை நோய், பிரசவத்தின்போது அதிக உதிரப்போக்கு ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த பெற்றோருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதன் உச்சத்தை 2009 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உலகம் கண்டது. ஒரு தாய்க்கு ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. மருத்துவர் அவருக்குப் பன்னிரண்டு கருக்களை வைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. 2011-இல் அந்த மருத்துவரின் உரிமம் பறிக்கப்பட்டது.

எனவே மருத்துவ உலகமே தன் வழக்கத்தைத் திருத்திக்கொண்டு வருகிறது. 36 வயதுக்கு உட்பட்ட 661 பெண்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு ஒன்று முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு இரண்டு கருக்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஒன்றை வைத்து, அது தங்காவிட்டால் உறைநிலையில் வைத்திருந்த இன்னொன்றைப் பிறகு வைத்தார்கள். முதல் பிரிவில் 42.9 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 38.8 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். ஆனால் அந்தப் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தது முதல் பிரிவில் 33.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.8 விழுக்காடு மட்டுமே. பிரிட்டனில் ‘ஒரு தடவைக்கு ஒன்று’ என்ற கொள்கை வலியுறுத்தப்பட்ட பிறகு, 1990-களில் 28 விழுக்காடாக இருந்த பல்குழந்தைப் பிறப்பு 2019-இல் 6 விழுக்காடாகக் குறைந்தது.

மருத்துவக் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது: பெரும்பாலான இளம் பெண்களுக்கு ஒரு கருவே நலம்.

3. ‘ஒன்று’ என்றால் மீதி எங்கே?

ஆனால் இங்கேதான் நம்பிக்கையாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைக்கும் முறை வெற்றி பெறுவதற்குக் காரணம், மற்றவை உறைநிலையில் காத்திருப்பதே. மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜன் கலனுக்குள் அவை வைக்கப்படுகின்றன. முதல் கருவே தங்கிக் குழந்தை பிறந்துவிட்டால், உள்ளே இருக்கும் மற்றக் கருக்களை யார் நினைக்கிறார்கள்? சில ஆண்டுகள் பாதுகாப்புக் கட்டணம் கட்டுவார்கள். பிறகு கட்டணம் நின்றுவிடும், கடிதங்களுக்குப் பதில் இராது.

ஆக, மூன்றை வைத்தால் தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. ஒன்றை வைத்தால் அதன் உடன்பிறப்புகளுக்கு உறைகலன். எந்த எண்ணைச் சொன்னாலும், அதன் விலையை யாரோ ஒரு சிறிய உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது. தம்பதியர் தவறாகக் கணக்கிட்டதால் வந்த சிக்கலாக இதைக் கருத முடியாது. பல உயிர்களை உடலுக்கு வெளியே ஒரே நேரத்தில் உருவாக்கிய அந்த முதல் படியிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது.

4. நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி (ஒழுங்குமுறை) சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. நம் மக்கள் அறியவேண்டிய சில கூறுகள்:

• ஒரு சிகிச்சைச் சுற்றில் மூன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைக்கக் கூடாது.
• தம்பதியரின் எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்யவோ, கருக்களை உறைநிலையில் வைக்கவோ கூடாது.
• கருக்களைக் கருப்பையில் வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் கணவனோ மனைவியோ தம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்.
• உறைநிலையில் வைக்கும் காலம் பத்து ஆண்டுகளுக்கு மிகக் கூடாது. அதன்பின் அவை அழிய விடப்படும். அல்லது பெற்றோரின் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குத் தரப்படும்.

கடைசிக் கூறை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். சட்டம் காட்டும் இரு வழிகளும் அந்தக் கருவின் சாவில்தான் முடிகின்றன. சட்டம் அனுமதிப்பது எல்லாம் அறநெறிப்படி சரியாகிவிடாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

5. இத்தாலி காட்டும் பாடம்

‘உறைகலனே வேண்டாம், வேண்டிய அளவு மட்டும் உருவாக்கி அனைத்தையும் வைத்துவிடலாமே’ என்று சிலர் கேட்கலாம். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் இத்தாலி இதைச் செய்து பார்த்தது. 2004-இல் வந்த 40-ஆம் எண் சட்டத்தின்படி மூன்று கருக்களுக்கு மேல் உருவாக்கக் கூடாது. உருவாக்கிய அனைத்தையும் ஒரே நேரத்தில் வைக்கவேண்டும். மிக அரிதான சூழலில் தவிர உறையவைக்கக் கூடாது. இத்தாலிய ஆயர்கள் செயற்கைக் கருத்தரிப்பை ஏற்கவில்லை. ஆயினும் தீமையைக் குறைக்கும் ஒரு வேலியாக அச்சட்டத்தைக் கருதினார்கள். 2005 ஜூனில் அதன் சில பகுதிகளை நீக்கக் கோரி நடந்த பொது வாக்கெடுப்பு, போதிய மக்கள் வாக்களிக்காததால் தோல்வியுற்றது. ஆனால் 2009-இல் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம், பெண்ணின் உடல்நலத்தைக் காரணம் காட்டி, மூன்று என்ற வரம்பையும் அனைத்தையும் ஒரே நேரத்தில் வைக்கும் கட்டாயத்தையும் நீக்கியது.

கருவைக் காக்க எண்ணினால் தாயின் நலன் குறுக்கே வருகிறது. தாயைக் காக்க எண்ணினால் கரு உறைகலனுக்குப் போகிறது. தாயையும் சேயையும் ஒன்றாகக் காக்கும்படி கடவுள் அமைத்த இடம் கருப்பை. அங்கிருந்து பிரித்து ஆய்வகத்தில் தொடங்கும்போது இருவரின் நலனும் மோதத் தொடங்குகின்றன. சட்டத்தால் இந்த மோதலைத் தீர்க்க முடியவில்லை.

6. திருச்சபை கற்பிப்பது

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987 பிப்ரவரி 22 அன்று ‘உயிர் என்னும் கொடை’ (தோனும் வீத்தே) என்ற ஏட்டையும், 2008-இல் ‘மனித மாண்பு’ (திக்னித்தாஸ் பெர்சோனே) என்ற ஏட்டையும் வெளியிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2373 முதல் 2379 வரையுள்ள எண்களில் இதைச் சுருக்கமாகக் கூறுகிறது. சாரம் இதுதான்:

முதலாவது, மனித உயிர் கருவான நொடியிலிருந்தே ஓர் ஆளுக்குரிய மதிப்போடு நடத்தப்பட வேண்டும். தாயின் கருவில் உருவாக்கும் முன்பே தன்னைக் கடவுள் அறிந்திருந்தார் என்று இறைவாக்கினர் எரேமியா உணர்ந்தார் (எரே 1). மரியா விரைந்து சென்று எலிசபெத்தை வாழ்த்தியபோது, அவரது உதிரத்தில் இருந்த மீட்பர் மிகச் சிறிய கருவாகவே இருந்தார். அந்தச் சிறு கருவின் வருகைக்குத்தான் எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது (லூக் 1).

இரண்டாவது, கணவனும் மனைவியும் ஒருவர் வழியாக மட்டுமே மற்றவர் தாய் தந்தையாகும் உரிமை உடையவர்கள். ஆகவே பிறரின் முட்டை, பிறரின் விந்தணு, வாடகைத் தாய் ஆகியவை திருமண ஒற்றுமையைக் காயப்படுத்துகின்றன.

மூன்றாவது, குழந்தை கணவன் மனைவியின் அன்புறவின் கனியாக வரவேண்டும். ஆய்வகத் தொழில்நுட்பம் அந்த உறவுக்கு உதவலாம், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மிக முன்னேறிய மையங்களிலும் உருவாக்கப்படும் கருக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இழக்கப்படுவதாக 2008-ஆம் ஆண்டு ஏடு சுட்டிக்காட்டியது. பல கருக்களை வைப்பதால் பல்குழந்தைக் கர்ப்பம் பெருகுவதையும், அதன் விளைவாகக் ‘கரு எண்ணிக்கைக் குறைப்பு’ என்ற கொடுமை நுழைந்ததையும் அது வருத்தத்தோடு குறிப்பிட்டது. மூன்று நான்கு கருக்கள் தங்கிவிட்டால், ஒன்றிரண்டின் இதயத்தில் மருந்து செலுத்தி நிறுத்திவிடுவதே இந்தக் ‘குறைப்பு’. மென்மையான பெயர் சூட்டினாலும் இது கருக்கலைப்பே. பல ஆண்டுகள் வேண்டிப் பெற்ற பிள்ளைகளில் எவர் வாழ்வது, எவர் சாவது என்று தாயே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அவளைத் தள்ளுவது அவளுக்கும் இழைக்கும் அநீதி.

7. சில கேள்விகள்

கணவன் மனைவியின் அணுக்கள் மட்டுமே, எல்லாக் கருக்களையும் வைக்கிறோம், எதையும் உறையவைக்கவில்லை. இதுவும் தவறா?

மற்றவற்றைவிட இதில் தீமை குறைவு என்பதைத் திருச்சபை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் குழந்தையின் தொடக்கம் இல்லற உறவிலிருந்து பிரிக்கப்படுவதால் இதையும் அது ஏற்பதில்லை. எனவே ‘இத்தனை வைத்தால் பாவமில்லை’ என்று ஓர் எண்ணை எந்த அருள்பணியாளரும் தர இயலாது.

இயற்கையிலும் பல கருக்கள் தங்காமல் போகின்றனவே?

உண்மைதான். ஆனால் தானாக நேரும் இழப்பும், இழப்பு நேரும் என்று தெரிந்தே திட்டமிட்டு உருவாக்குவதும் ஒன்றாகா. முதியவர்கள் இயல்பாக இறக்கிறார்கள் என்பதற்காக அவர்களைக் கைவிடுவது நியாயமாகுமா?

இம்முறையில் பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு உண்டா?

ஐயமே வேண்டாம். எவ்வழியில் பிறந்தாலும் அது கடவுளின் சாயல், அவரது கொடை. முழு அன்போடு வரவேற்கப்பட வேண்டும். அக்குழந்தையைப் பற்றிக் குறையாகப் பேசுவதே பாவம்.

எங்கள் கருக்கள் ஏற்கெனவே உறைநிலையில் இருக்கின்றன. இப்போது என்ன செய்வது?

இனி ஒரு கருவையும் புதிதாக உருவாக்க இசையாதீர்கள். இருப்பவற்றை அழிக்கவோ ஆராய்ச்சிக்குத் தரவோ கையெழுத்திடாதீர்கள். உறைகலனில் உள்ள கருக்களின் நிலை, முழுமையாகச் சரிசெய்ய முடியாத ஓர் அநீதி என்பதை 2008-ஆம் ஆண்டு ஏடு ஒளிக்காமல் சொல்கிறது. தன் சொந்தக் கருவுக்குத் தாயே தன் கருப்பையில் அடைக்கலம் தருவதை அறநெறி இயலார் பலர் ஏற்கத்தக்கதாகக் கருதுகிறார்கள். அப்படிச் செய்யும் தாய், தன் உடல் பாதுகாப்பாகச் சுமக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் ஏற்கக் கூடாது. பெரும்பாலும் அது ஒரு தடவைக்கு ஒன்று. அந்த ஒன்றும் அரிதாக இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். அப்போதும் ‘குறைப்பு’க்கு இடமில்லை என்று முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பத்து ஆண்டு வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாமல், மருத்துவரோடும் உங்கள் பங்குத்தந்தையோடும் பேசி முடிவெடுங்கள்.

‘குறைப்பு’ செய்துவிட்டோம். கருக்களை அழிய விட்டுவிட்டோம்.

கடவுளின் இரக்கம் உங்களுக்கு மூடப்படவில்லை. கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாக வழங்கினார். ஒப்புரவு அருட்சாதனத்தை நாடி வாருங்கள். இழந்த குழந்தைகளைத் திருப்பலியில் இறைவனிடம் ஒப்படையுங்கள்.

8. திறந்திருக்கும் வழிகள்

திருச்சபை மருத்துவத்துக்கு எதிரி அன்று. கருத்தரிக்கத் தடையாக உள்ள நோயைக் குணப்படுத்தும் எந்தச் சிகிச்சையும் வரவேற்கத்தக்கதே. சினைக்குழாய் அடைப்பை அறுவை சிகிச்சையால் நீக்குவது, எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குச் சிகிச்சை பெறுவது, தைராய்டு, நீர்க்கட்டி ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பது, கணவரின் விரைநாளச் சுருளைச் சரிசெய்வது, கருத்தரிக்கும் நாள்களைப் பில்லிங்ஸ் முறையில் கண்டறிவது ஆகியவை அவற்றுள் சில. குறை ஆணிடம் இருக்கவும் வாய்ப்பு மிகுதி. மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலையவிட்டு, கணவர் ஓர் எளிய விந்துப் பரிசோதனைக்கும் மறுப்பது அன்பும் அன்று, நீதியும் அன்று.

தத்தெடுப்பும் ஒரு தூய வழி. முன்பு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிறிஸ்தவர்கள் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. இன்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி எந்தச் சமயத்தவரும் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (காரா) இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்யுங்கள். இடைத்தரகர்களை நம்பவேண்டாம்.

9. பங்குச் சமூகத்தின் கடமை

தம்பதியரை அந்தப் படிவம் வரை துரத்தியதில் நமக்கும் பங்கு உண்டு. “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று ஒவ்வொரு விழாவிலும் கேட்கிறோம். பிள்ளை இல்லாதவளை வளைகாப்பில் ஒதுக்கி வைக்கிறோம். இரண்டாம் திருமணப் பேச்சைக்கூடச் சில வீடுகளில் எடுக்கிறார்கள். பிள்ளையில்லாத அன்னாவைப் பெனின்னா புண்படுத்தினாள். ஆனால் கணவர் எல்கானா அன்னாவைக் குறைத்து மதிக்கவில்லை, அவள்மீதே மிகுந்த அன்பு காட்டினார் (1 சாமு 1). நம் வீட்டு ஆண்கள் எல்கானாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். மாமியார்களும் நாத்தனார்களும் பெனின்னாவின் நாவைக் கைவிட வேண்டும்.

திருமண முன் தயாரிப்பு வகுப்புகளில் இப்போதனையை விளக்குவது நலம். அன்பியக் கூட்டங்களில் பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியருக்காகப் பெயர் சொல்லாமல் வேண்டலாம். குறைமாதக் குழந்தைகளோடு மருத்துவமனையில் தவிக்கும் பெற்றோருக்கு உணவும் துணையும் தரலாம்.

அன்பார்ந்தவர்களே, நூறு ஆடுகளில் ஒன்று தவறியபோது, தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று நல்லாயன் கணக்குப் பார்க்கவில்லை. அவர் எண்ணிக்கையால் அன்பு செய்கிறவர் அல்லர். ‘எத்தனை’ என்று படிவம் கேட்கும்போது, ‘இவர்கள் யார்?’ என்று நீங்கள் கேளுங்கள். ‘என் பிள்ளைகள்’ என்ற விடை மனத்தில் எழுந்தால், எதற்குக் கையெழுத்திட வேண்டும், எதற்கு மறுக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

சாராவின் கண்ணீரையும் அன்னாவின் மன்றாட்டையும் எலிசபெத்தின் காத்திருப்பையும் அறிந்த ஆண்டவர், குழந்தைக்காக ஏங்கும் நம் இல்லங்கள் அனைத்தையும் தம் அமைதியால் நிரப்பி, உயிரைக் காக்கும் துணிவைத் தந்து ஆசீர்வதிப்பாராக.